நிறம் போச்சு, தண்ணி சுத்தமாச்சா?



ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கிற ஜூனியர்ஸுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கெமிக்கல், சிவில், பயோடெக், டெக்ஸ்டைல்னு எந்தத் துறையா இருந்தாலும் சரி, வருஷா வருஷம் ஒரு டீமாவது "உலோக நானோ துகள்களைக் கொண்டு கழிவுநீர் சுத்திகரிப்பு"ன்னு ஒரு தலைப்பை எடுத்துடுவாங்க. இந்த வருஷம் அந்த டீம் நாங்கதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கில வழியில் படிச்சேன். ரிடக்‌ஷனுக்குத் தமிழ்ல "ஒடுக்கம்"னு ஒரு சொல் இருக்குன்னே இதை எழுத உட்கார்ந்தப்பதான் தெரிஞ்சுது. அதனால ரெண்டையும் கலந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

எங்க சோதனை ரொம்ப அழகா வந்துச்சு. கறுநீலமா இருந்த சாயத் தண்ணியில நாங்களே தயாரிச்ச இரும்பு நானோ துகளைப் போட்டுக் கலக்கினோம். சில நிமிஷத்துல நிறம் வெளுத்துச்சு. வடிகட்டினா பச்சைத் தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு. "முன்", "பின்"னு ரெண்டு பாட்டிலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஃபோட்டோ எடுத்து எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப அந்த ரெண்டு பாட்டிலையும் மாமாகிட்ட காட்டினேன். மாமா திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில ரொம்ப வருஷமா வேலை பார்க்கிறவர். பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாயம் போயிருச்சு, சரி. உப்பு போச்சா கண்ணு?"

என்கிட்ட பதில் இல்ல. நாங்க உப்பை அளக்கவே இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க பாடமா எழுதறேன்.

சாயக்கழிவில் அப்படி என்னதான் இருக்கு?

பனியன் துணி பருத்தி. பருத்திக்குப் பெரும்பாலும் "ரியாக்டிவ்" வகைச் சாயம் போடுவாங்க. இந்தச் சாயம் நூலோட வேதிப் பிணைப்பு போட்டுக்கும், அதனாலதான் துவைச்சாலும் சுலபத்துல போகாது.

ஆனா ஒரு சிக்கல். தண்ணிக்குள்ள பருத்தியோட மேற்பரப்பு எதிர் மின்னூட்டத்துல இருக்கும். சாய மூலக்கூறும் எதிர் மின்னூட்டம்தான். ரெண்டும் ஒன்னையொன்னு தள்ளும். இந்தத் தள்ளலை அடக்கத்தான் சாயத்தொட்டியில உப்பு போடறாங்க. சாதா உப்பு, இல்லன்னா சோடியம் சல்ஃபேட். கொஞ்சநஞ்சம் இல்ல, கடும் நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயும் போகும். சாயம் நூல்ல பிணையறதுக்குச் சோடா உப்பு போட்டுக் காரத்தன்மையை ஏத்தணும். அப்பவும் எல்லாச் சாயமும் நூல்ல ஒட்டாது. ஒரு பகுதி நூலுக்குப் பதிலா தண்ணியோடவே வினைபுரிஞ்சு வீணாப் போயிடும். அந்தச் சாயத்தை மறுபடி பயன்படுத்த முடியாது.

ஆக, தொட்டியிலிருந்து வெளியே வர்ற தண்ணியில இருக்கிறது: ஒட்டாத சாயம், போட்ட உப்பு மொத்தமும், காரம், சோப்பு, மற்ற துணை வேதிப்பொருட்கள். இதுல நம்ம கண்ணுக்குத் தெரியறது சாயம் மட்டும்தான். எடையில அதிகம் இருக்கிறது உப்பு.

நொய்யல் கதை இங்கதான் வருது. வெள்ளியங்கிரி மலைப் பகுதியில பிறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்கிற ஆறு. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஒரு அணை கட்டி 1992-ல் திறந்தாங்க. அது சாயக்கழிவு தேங்கி நிற்கிற இடமா மாறிடுச்சு. பாசனத்துக்குக் கட்டின அணையில தண்ணியைத் தேக்கவே வேண்டாம்னு விவசாயிகளே போராடற நிலைமை வந்துச்சு. நிலம் கெட்டதுக்கும் கிணறு உப்பானதுக்கும் முக்கியக் காரணம் சாயத்தோட நிறம் இல்ல, அதுகூட வந்த உப்பு. கடைசியா 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத "பூஜ்ய வெளியேற்றம்" முறைக்கு மாறின பிறகுதான் படிப்படியாத் திறந்தாங்க.

மாமா உப்பைப் பத்திக் கேட்டதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. பட்டறை மூடினப்போ வீட்டுல இருந்தவர் அவர்.

சரி, நானோ எதுக்கு?

வெல்லக் கட்டியை அப்படியே தண்ணியில போட்டா கரைய நேரமாகும். தட்டிப் போட்டா சீக்கிரம் கரையும். தண்ணியைத் தொடற மேற்பரப்பு கூடுது, அவ்வளவுதான். நானோவும் அதே கதைதான், ஆனா எல்லை வரைக்கும் போன கதை.

ஒரு நானோமீட்டர்ங்கிறது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா வெட்டினதுல ஒண்ணு. இப்ப ஒரு கணக்கு போடுங்க. ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. இருக்கிற ஒரு இரும்புக் கனசதுரம். எடை ஏறக்குறைய 7.9 கிராம். மேற்பரப்பு 6 சதுர செ.மீ. இதையே 50 நானோமீட்டர் பக்கம் உள்ள குட்டிக் கனசதுரங்களா வெட்டினா மொத்த மேற்பரப்பு 120 சதுர மீட்டர். அதாவது 1,290 சதுர அடி, ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டோட தரை அளவு. இரும்பு அதேதான், எடையும் அதேதான். தொடற பரப்பு மட்டும் 2 லட்சம் மடங்கு கூடிடுச்சு.

வினை நடக்கிறது மேற்பரப்புல. அதனால சாதா இரும்புத்தூள் மெதுவாச் செய்யற வேலையை நானோ இரும்பு வேகமாச் செய்யுது. மந்திரம் ஒண்ணும் இல்ல.

இரும்பு எப்படி நிறத்தை எடுக்குது?

நாங்க எடுத்த சாயம் ரியாக்டிவ் பிளாக் 5. பருத்தியில கறுப்புக்கு அதிகம் பயன்படற சாயம். இது "அசோ" வகை. ரெண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால கைகோத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் பென்சீன் வளையக் கூட்டங்களை இணைச்சிருக்கும். இந்தச் சாயத்துல அந்த மாதிரி ரெண்டு பிணைப்பு. மூலக்கூறு முழுக்க எலக்ட்ரான்கள் பரவி ஓடறதாலதான் அது கண்ணுக்குத் தெரியற ஒளியை உறிஞ்சி நிறம் காட்டுது. 597 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்துல அதிகமா உறிஞ்சும். அந்த நைட்ரஜன் பாலம் உடைஞ்சா நிறம் போயிடும்.

உடைக்க எலக்ட்ரான் வேணும். உலோக நிலையில இருக்கிற இரும்பு ரெண்டு எலக்ட்ரானைத் தாராளமாக் குடுத்துட்டு இரும்பு அயனியா மாறும். துருப்பிடிக்கிறதும் இதே வினைதான். நம்ம வீட்டு கேட் காத்துல இருக்கிற ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் குடுக்குது, இங்க சாயத்துக்குக் குடுக்குது.

ஒரு அசோ பிணைப்பை முழுசா வெட்ட 4 எலக்ட்ரான். ரெண்டு பிணைப்புக்கு 8. ஒரு இரும்பு அணு 2 குடுக்கும்னா, ஒரு சாய மூலக்கூறுக்கு 4 இரும்பு அணு. சாயத்தோட மூலக்கூறு எடை 992, நாலு இரும்போட எடை 223. அப்போ லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருந்தா, கணக்குப்படி சுமார் 22.5 மில்லிகிராம் இரும்பு போதும்.

நிஜத்துல இது போதாது. இரும்பு சாயத்துக்கு மட்டும் எலக்ட்ரான் குடுக்காது. கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனுக்கும் குடுக்கும், தண்ணிக்கே குடுத்து ஹைட்ரஜனையும் வெளியே விடும். அதனால ஆய்வகங்கள்ல லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம்னு பல மடங்கு போடறாங்க. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த நானோ இரும்பு முதல்ல சாயத்துக்காக வந்தது இல்ல. 1997-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வாங், ஜாங் ரெண்டு பேரும் நானோ இரும்பு தயாரிச்சு, குளோரின் ஏறின கரைப்பான்களை அது உடைக்கிறதைக் காட்டினாங்க. நிலத்தடி நீரை அது இருக்கிற இடத்துலயே சுத்தம் பண்ணறதுதான் நோக்கம். அப்புறம்தான் குரோமியம், ஆர்சனிக், சாயம்னு உலகம் முழுக்க ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க.

தயாரிக்கும் முறை ரெண்டு, கவனமும் ரெண்டு

முதல் முறை: இரும்பு உப்புக் கரைசல்ல சோடியம் போரோஹைட்ரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டா விடறது. உடனே கறுப்பாத் துகள் உண்டாகும். பீக்கருக்கு வெளியே காந்தத்தை வெச்சா மொத்தமும் ஒரு பக்கமா ஓடி வந்து ஒட்டும். முதல் தடவை பார்க்கும்போது சின்னப் பசங்க மாதிரி விளையாடினோம்.

கவனம்: இந்த வினையில ஹைட்ரஜன் வாயு நிறைய வரும். ஃபியூம் ஹூட் இல்லாம செய்யாதீங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. துகளைக் காய வெச்சு அப்படியே காத்துல திறந்தா தானாவே சூடேறித் தீப்பிடிக்கலாம். எத்தனாலுக்குள்ள மூழ்க வெச்சுத்தான் வெச்சிருக்கணும். ரெண்டு நாள் சும்மா விட்டா துருவா மாறிடும், எங்களோட முதல் பேட்ச் அப்படித்தான் போச்சு.

ரெண்டாவது முறை: "பசுமைத் தயாரிப்பு". டீத்தூள் சாறு, வேப்பிலைச் சாறு, யூகலிப்டஸ் சாறுன்னு எதையாவது இரும்பு உப்புல ஊத்தினா கறுப்பா மாறும். சாறுல இருக்கிற பாலிஃபீனால்கள் இரும்பை ஒடுக்குதுன்னு விளக்கம். செலவு கம்மி, பேரும் நல்லா இருக்கும்.

கவனம்: கறுப்பா மாறினதெல்லாம் உலோக இரும்பு இல்ல. இரும்புச்சத்து மாத்திரையை டீ கூட சாப்பிடாதீங்கன்னு டாக்டர் சொல்வார் இல்லையா? டீயில இருக்கிற பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும்னுதான். அந்தக் கூட்டுச் சேர்மமும் கறுப்புதான், பழைய காலத்து எழுத்து மையே அப்படிச் செஞ்சதுதான். உங்க துகள் உண்மையிலேயே உலோக இரும்பான்னு தெரியணும்னா எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை பண்ணுங்க. தாமிரக் கதிர்ல பார்த்தா 44.7 பாகை பக்கத்துல ஒரு உச்சி வரணும். அது வரலைன்னா அறிக்கையில உலோக இரும்புன்னு எழுதாதீங்க. இன்னொரு விஷயம், இலைச்சாறும் கரிமப் பொருள்தான். தண்ணியிலிருந்து அழுக்கை எடுக்கப் போய் டீயை ஊத்திட்டு வர்றோம்.

அளந்தப்போ தெரிஞ்சது

லீவு முடிஞ்சு வந்ததும் அந்த "பின்" பாட்டில் தண்ணியில மத்த சோதனைகளையும் பண்ணினோம்.

முதல்ல உப்பு. கரைந்த திடப்பொருள் அளவை, அதாவது டி.டி.எஸ்., மீட்டர்ல பார்த்தோம். குறையல, கொஞ்சம் கூடியிருந்துச்சு. யோசிச்சா ஆச்சரியமே இல்ல. சோடியம் அயனிக்கு ஏற்கெனவே எலக்ட்ரான் போய்தான் இருக்கு, குளோரைடுக்கு எலக்ட்ரான் தேவையே இல்ல. இரும்பு அதுங்களை என்ன செய்ய முடியும்? மாறாக, கரைஞ்ச இரும்பு, சரியாக் கழுவாத துகளோட வந்த சோடியம், போரேட், பி.எச். சரிசெய்யப் போட்ட அமிலம் எல்லாம் சேர்ந்து உப்பைக் கூட்டத்தான் செய்யும்.

அடுத்து சி.ஓ.டி., தண்ணியில இருக்கிற கரிமப் பொருளை முழுசா எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற அளவு. நிறம் போன அளவுக்கு இது குறையவே இல்ல. ஏன்னா பாலம்தான் உடைஞ்சுது, ரெண்டு கரையும் அப்படியே இருக்கு. அசோ பிணைப்பு வெட்டுப்பட்டா அரோமேட்டிக் அமீன்கள் உண்டாகும். அதுக்குக் கண்ணுக்குத் தெரியற நிறம் இல்ல, அவ்வளவுதான். இந்த வகை அமீன்கள்ல சிலது, உதாரணத்துக்கு பென்சிடின், புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானவை. எல்லா அமீனும் அப்படி இல்ல, சல்ஃபோனேட் தொகுதி ஒட்டினதுங்க அவ்வளவு ஆபத்து இல்லாதவை. ஆனா "நிறம் இல்ல, அதனால நஞ்சு இல்ல"ன்னு சொல்ல முடியாது.

இதுலயே ஒரு சின்னப் பொறி: இரும்பு அயனியும் சி.ஓ.டி. சோதனையில ஆக்சிஜனை எடுத்துக்கும். 7 மில்லிகிராம் ஃபெரஸ் இரும்புக்கு 1 மில்லிகிராம் சி.ஓ.டி. ஏறும். அதைக் கழிச்சுட்டுத்தான் எழுதணும்.

மூணாவது, பாட்டிலே சொன்ன பாடம். மூடி சரியா மூடாத ஒரு பாட்டில்ல சில நாள் கழிச்சு லேசா நிறம் திரும்பி வந்துச்சு. கொஞ்சம் இரும்புத் துருவா இருக்கலாம். ஆனா இந்தச் சாயம் உடைஞ்சு வர்ற ஒரு அமீன் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து மறுபடி நிறமுள்ள பொருளா மாறும்ங்கிறதும் தெரிஞ்ச விஷயம்தான். நாங்க 597-ல மட்டும் அளந்து சதவீதம் போட்டிருந்தோம். 200-லிருந்து 800 வரைக்கும் முழு வரைபடம் எடுத்திருந்தா, புறஊதாப் பகுதியில வளையங்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

உள்நாட்டு நீர்நிலையில விடற கழிவுநீருக்கு இங்க இருக்கிற வரம்புகளைப் பாருங்க. டி.டி.எஸ். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், சி.ஓ.டி. 250, பி.ஓ.டி. 30, இரும்பு 3, பி.எச். 5.5 முதல் 9 வரை. பட்டியல் இவ்வளவு நீளம். நாங்க அதுல நிறம்ங்கிற ஒரே வரிக்கு டிக் போட்டுட்டு, ஸ்லைடுல "சுத்திகரிக்கப்பட்ட நீர்"னு தலைப்பு வெச்சிருந்தோம்.

இங்க டீமுக்குள்ள சண்டையே வந்துச்சு. "ரிவ்யூவுல சி.ஓ.டி. கேட்க மாட்டாங்க, நிறம் போன கிராஃப் போதும், எதுக்கு நாமளே மாட்டிக்கணும்?"னு ஒருத்தன் சொன்னான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. மார்க் போனா பிளேஸ்மென்ட் வரைக்கும் இடிக்கும். ஆனா அந்த அணையில தேங்கின தண்ணியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தலைப்பை வெச்சுக்கிட்டு மேடையில நிற்க மனசு வரல. கடைசியில ஸ்லைடு தலைப்பை "நிறம் நீக்கப்பட்ட நீர்"னு மாத்தினோம். அடுத்த ஸ்லைடுல சி.ஓ.டி.யும் டி.டி.எஸ்.ஸும் போட்டோம். கைடு அந்த ஸ்லைடுலதான் அதிக நேரம் நின்னு பேசினார். புராஜெக்ட்டோட நல்ல பகுதியே அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

அப்போ நானோ இரும்பு வேஸ்ட்டா?

இல்ல. அதுக்கு ஒரு வேலை இருக்கு, அந்த வேலையை மட்டும் குடுக்கணும்.

ஒன்று, முன்சுத்திகரிப்பு. அசோ சாயத்தை ஆக்சிஜன் உள்ள தொட்டியில நுண்ணுயிரிகளால சுலபமா உடைக்க முடியாது. உடைஞ்சு வர்ற அமீன்கள்ல பலதை முடியும். சல்ஃபோனேட் ஒட்டினது கொஞ்சம் அடம் பிடிக்கும். அதனால முதல்ல இரும்பு, அடுத்து உயிரியல் தொட்டின்னு வெச்சா ஒண்ணுக்கொண்ணு உதவும்.

இரண்டு, ஃபென்டன் வினை. இரும்பு வேலை முடிச்சு ஃபெரஸ் அயனியா தண்ணியில மிதக்குது இல்லையா? அதுல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினா ஹைட்ராக்சில் தனி உறுப்பு உண்டாகி வளையத்தையே தாக்கும். 1894-ல் ஃபென்டன் வெளியிட்ட பழைய வினைதான். ஆனா பி.எச். 3 பக்கம் இருந்தாதான் நல்லா ஓடும். சாயக்கழிவோ காரம். இறக்க அமிலம், திரும்ப ஏத்தக் காரம், மறுபடி உப்பு ஏறும். தண்ணியில குளோரைடு நிறைய இருந்தா அது அந்தத் தனி உறுப்புகளைப் பாதி வழியிலயே பிடிச்சுக்கும்.

மூன்று, குரோமியம். இதுதான் இரும்புக்குப் பொருத்தமான இடம்னு எனக்குத் தோணுது. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணியில நல்லாக் கரையும், கடும் நஞ்சு. இரும்பு அதுக்கு மூணு எலக்ட்ரான் குடுத்தா மூணு இணைதிறனுக்கு இறங்கும். நஞ்சு பெருமளவு குறையும், ஹைட்ராக்சைடா படிஞ்சும் போகும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையோட கழிவுக் குவியல் இன்னிக்கும் நிலத்தடி நீருக்குப் பிரச்சினையா இருக்கு. அங்க இருக்கிற மாசுக்கும் இரும்போட குணத்துக்கும் வேதியியல் பொருந்துது.

உப்புக்கு? அதுக்கு நானோ இரும்புல வழி கிடையாது. ஆர்.ஓ. சவ்வும், அதுல மிஞ்சற அடர் உப்புநீரைக் காய்ச்சற ஆவியாக்கியும்தான். பூஜ்ய வெளியேற்ற நிலையங்கள் அப்படித்தான் இயங்குது, சில இடங்கள்ல உப்பை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பறாங்க. இங்கயும் ஒரு எச்சரிக்கை: மிச்ச இரும்பு ஆர்.ஓ. சவ்வுல படிஞ்சா சவ்வு அடைச்சுக்கும். நம்ம இரும்பை முன்னாடி போட்டா, ஆர்.ஓ.வுக்கு முன்னாடி முழுசா எடுத்தே ஆகணும்.

வெள்ளி நானோவும் பலர் எடுக்கிற தலைப்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப் குழு வெள்ளி, தங்க நானோ துகள்களால குடிநீர்ல இருக்கிற பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கற முறையை உருவாக்கி, அது 2007-ல் வீட்டு ஃபில்டராகவே சந்தைக்கு வந்துச்சு. ஆனா அது குடிநீர். அழுக்கு மிகக் குறைவு, துகள் ஒரு தாங்கியில ஒட்டி நிலையா இருக்கு. கழிவுநீர்ல வெள்ளியைத் தளர்வாப் போட்டா, கிருமியைக் கொல்ற அதே குணம் உயிரியல் தொட்டியில நமக்கு வேலை செய்யற பாக்டீரியாவையும் கொல்லும்.

ஒரு பட்டறை அளவுக்குக் கணக்கு

ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன எண் இப்ப வேணும். லிட்டருக்கு 1 கிராம் இரும்பு. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் வர்ற பட்டறைன்னு வெச்சுப்போம்.

தினமும் 100 கிலோ நானோ இரும்பு. அதைப் போரோஹைட்ரைடு முறையில செஞ்சா, கணக்குப்படி குறைந்தபட்சமே 50 கிலோ போரோஹைட்ரைடு. கூடவே 60,000 லிட்டருக்கு மேல ஹைட்ரஜன் வாயு. ஆய்வகத்துல பீக்கருக்குள்ள குமிழியாத் தெரிஞ்சது, பட்டறையில வெடி அபாயம்.

அந்த 100 கிலோ இரும்பும் கடைசியில ஃபெரிக் ஹைட்ராக்சைடா மாறினா 190 கிலோ காய்ந்த கசடு. ஈரத்தோட சேர்த்தா அதைவிடப் பல மடங்கு, ஒவ்வொரு நாளும். சாயம் ஏறின கசடை வெறும் மண்ணாக் கொட்டவும் முடியாது. வணிக அளவுல இரும்பை அரைச்சோ, இரும்பு ஆக்சைடை ஹைட்ரஜன்ல ஒடுக்கியோ தயாரிக்கிறாங்க, அது போரோஹைட்ரைடைவிட மேல். ஆனா கசடு கசடுதான்.

இந்தக் கணக்கை முதல் ரிவ்யூவுக்கு முன்னாடியே அரைப் பக்கத்துல போட்டுப் பாருங்க. புராஜெக்ட்டோட கேள்வியே மாறிடும். "எவ்வளவு நிறம் போகும்?"ங்கிறதுக்குப் பதிலா "எவ்வளவு குறைஞ்ச இரும்புல போகும், எத்தனை தடவை திரும்பப் பயன்படுத்தலாம்?"னு கேட்பீங்க.

இந்தத் தலைப்பை எடுக்கப் போறீங்கன்னா

1. ஒப்பீட்டு பீக்கர்கள் வெச்சுக்கோங்க. சாயம் மட்டும், சாயமும் சாதா இரும்புத்தூளும், சாயமும் இரும்பு உப்பும், சாயமும் இலைச்சாறும். நானோவால வந்த பலன் எவ்வளவுன்னு அப்பதான் தெரியும்.

2. சாயம் உடைஞ்சுதா, இல்ல துகள் மேல சும்மா ஒட்டிக்கிச்சான்னு பாருங்க. வடிகட்டின துகளை நீர்த்த காரத்துல கழுவுங்க. நிறம் திரும்பி வந்தா அது ஒட்டினது, உடைஞ்சது இல்ல.

3. ஒரே அலைநீளத்துல நிறுத்தாதீங்க. முழு வரைபடம் எடுங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி எடுங்க.

4. சி.ஓ.டி., டி.டி.எஸ்., பி.எச்., மிச்ச இரும்பு. நாலையும் முன், பின் அளந்து ஒரே அட்டவணையில போடுங்க. கூடின எண்ணையும் மறைக்காதீங்க.

5. கடையில வாங்கின சுத்தமான சாயத்தோட நிறுத்தாதீங்க. உப்பும் சோடாவும் போட்டு நிஜக் கழிவு மாதிரி ஒண்ணு தயாரிச்சாவது பாருங்க. காரத்துல இரும்பு மேல ஆக்சைடு, ஹைட்ராக்சைடு படலம் படிஞ்சு வேகம் எப்படிக் குறையுதுன்னு நீங்களே பார்ப்பீங்க.

6. கடைசியில மிஞ்சின கசடை எடை போடுங்க. அது எங்க போகும்னு அறிக்கையில ஒரு பத்தியாவது எழுதுங்க.

எங்க புராஜெக்ட் இன்னும் முடியல. இப்போ லிட்டருக்கு எவ்வளவு கம்மியா இரும்பு போட்டு, அடுத்து வர்ற நுண்ணுயிரித் தொட்டிக்கு ஏத்த தண்ணியைக் குடுக்க முடியும்னு பார்த்துட்டு இருக்கோம். முன்ன மாதிரி பளிச்சுனு ஃபோட்டோ எடுக்க இதுல ஒண்ணும் இல்ல.

போன வாரம் மாமா ஃபோன்ல கேட்டார், "என்ன கண்ணு, உப்பு போச்சா?" போகல மாமா, அது இரும்போட வேலை இல்லன்னு சொன்னேன். "அப்ப சரி, அதையும் எழுதி வெய்யி"ன்னார்.

எழுதி வெச்சுட்டேன். தலைப்பு தேடற ஜூனியர்ஸ், டி.டி.எஸ். மீட்டர் எங்க லேப்ல இருக்கு, வந்து வாங்கிக்கோங்க.